ஒரு பின்னேரத்தில் இரண்டு ஐந்து மணி

பின்கதவடியில் கிடந்த கால்மிதி நனைந்திருந்தது. பத்திநாதர் அதை மிதித்த பிறகுதான் கண்டார். காலுறைக்குள்ளால் குளிர் ஊறி உள்ளங்காலில் ஏற, வாயில் வந்த தூஷணத்தை மென்று விழுங்கிக்கொண்டு யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். மழை இல்லை. காலையிலிருந்தே இல்லை. வளவில் கொட்டிக் கிடந்த மேப்பிள் சருகு பொரித்த அப்பளம்போலக் காய்ந்து, காற்றுத் தட்டும்போதெல்லாம் சரசரத்தது.

முதலில் மருமகள் அனோஜினியில்தான் கோபம் வந்தது. அவருக்கு எது நடந்தாலும் முதலில் வருவது கோபம்தான். பயம் பிறகு வரும், செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு ஆறுதலாக உள்ளே வருகிற விருந்தாளி மாதிரி. நிலம் துடைத்தவள் கால்மிதியைப் பிழியாமல் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தார். ஆனால் அவள் விடியமுன் இருட்டோடு வேலைக்குப் போனவள். அப்போது நனைந்தது இப்போது காய்ந்திருக்க வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி, விரலால் தொட்டு மணந்தார். பிறகு, ஏன் என்று தெரியாமலே, விரலை நாக்கில் வைத்தார்.

உப்பு.

வீதிக்கு உப்புக் கொட்டுகிற காலம் இன்னும் வரவில்லை. பனி விழவேயில்லை. இது கடலின் உப்பு. மன்னாரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதை ஒருத்தன் சொல்லித் தரத் தேவையில்லை.

நிமிர்ந்தார். குசினிக்குள் ஸ்டவ்வின் பச்சை இலக்கம் நாலைத் தாண்டியிருந்தது. அவருடைய கையில் கட்டியிருந்த மணிக்கூடு ஐந்தைத் தாண்டியிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க, முதல் நாள் அடங்காமல் விட்ட கோபம் திரும்பவும் கொதித்தது.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாயிரத்தேழாம் ஆண்டு நவம்பர் மாதம். மகன் ஜெராட் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் திரிந்து, கனடாவின் குளிர்கால நேரத்துக்கு மணிக்கூடுகளை எல்லாம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். பத்திநாதர் பூசைக்கு உடுத்து, சப்பாத்தும் போட்டு, ஹோலில் வந்து குந்தி வெகுநேரம். ஒருத்தரும் வெளிக்கிடுகிற பாடாயில்லை.

"என்னடா, பூசை முடிஞ்சபிறகே போகப்போறியள்?"

"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு அப்பா. கையைத் தாங்கோ, உங்கடையையும் திருப்பிவிடுறன்."

"என்ரை கையிலை தொட்டியெண்டால் தெரியும்."

"கனடா முழுக்கத் திருப்பியாச்சு."

"கனடாவுக்கு விசரெண்டால் எனக்குமோ? மார்ச்சிலை நான் நித்திரையாய்க் கிடக்கேக்கை கள்ளன்மாதிரிக் கழட்டி முன்னுக்குத் தள்ளினாய். இப்ப பின்னுக்கு இழுக்கிறியாம். நேரமென்ன சுருக்குவலையோ, ஆளுக்காள் நிண்டு இழுக்கிறதுக்கு?"

அனோஜினி குசினிக்குள் நின்று சிரித்தாள். அந்த வருஷம் மணிக்கூடு மாற்றுகிற திகதியையும் மாற்றிவிட்டார்கள். அவளுடைய அலாரம் றேடியோ அது தெரியாமல் பழைய திகதிக்கே, ஒரு கிழமை முந்தி, தன்பாட்டில் பின்னுக்குப் போய் அவளை வேலைக்குப் பிந்த வைத்தது. ஏச்சு வாங்கியவள்தான். என்றாலும் சிரித்தாள்.

"மாமா, அப்ப எடுத்த ஒரு மணித்தியாலத்தை இப்ப திருப்பித் தாறாங்கள். சந்தோசமாய் வாங்கி வையுங்கோவன்."

"எடுக்கேக்கை என்னட்டைக் கேட்டே எடுத்தவங்கள்? இவ்வளவு நாளும் அதை எங்கை போட்டு வைச்சிருந்தவங்கள்? எந்த இருட்டுக்கை கிடந்ததோ, என்னென்ன அதுக்கை பூந்து குடியிருக்கோ. எனக்கு வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய மனிசி அல்போன்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தபடி ஸ்டவ்வின் பச்சை இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அல்போன்சம்மாவுக்கு மூளை தேய்கிற வருத்தம். மூன்று வருஷமாயிற்று. முதலில் போனது ஆட்களின் பெயர், பிறகு சமையல், பிறகு கனடா. தான் பியர்பொன்ட்ஸில் மகன் வீட்டில் இருப்பது அவளுக்கு முக்கால்வாசி நேரம் தெரியாது. செப்டெம்பரில் வீட்டுச் செருப்போடு இறங்கி நடந்து, பெரிய தெருவின் பஸ் தரிப்பில் நின்றவளைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஜெராட் சொல்லிவிட்டான்: இன்னொருக்கால் அம்மா தனியாய்க் கதவைத் தாண்டினால் வயோதிபர் இல்லத்தில்தான் விடவேண்டும், தன்னால் ஏலாது. ஒரு கோப்பை கஞ்சி கேட்டால்கூட விளங்காத இடம் அது. பிரெஞ்சுக்காரப் பெட்டையள் கன்னத்தைத் தட்டி "பொன்ஜூர்" சொல்லிவிட்டுப் போவார்கள். நாற்பத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்தவளை அங்கே கொண்டுபோய்த் தள்ளுவதென்றால் தன்னைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகு தள்ளட்டும் என்பதுதான் பத்திநாதரின் கதை. ஆகவே மகனும் மருமகளும் வேலையால் வரும்வரைக்கும் காவல் அவர். பின்கதவில் உயரத்தில் ஒரு சங்கிலி பூட்டி வைத்திருந்தார்.

கால்மிதியை வெளியே உதறிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். வெளியே மெல்ல மெல்ல இருண்டது. பச்சை இலக்கம் ஐந்தைக் காட்டியபோது அல்போன்சம்மா எழும்பினாள். கையால் தலையை வாரி முடிந்துகொண்டு நேராகப் பின்கதவுக்கு வந்து பிடியைத் திருகினாள்.

"எங்கை போறாய்?"

"பிள்ளை வந்து நிண்டிட்டுப் போட்டாள்," என்றாள். "நான்தான் பிந்திப்போனன்."

"எந்தப் பிள்ளை? விசர்க்கதை கதையாமல் போய் இரு."

கத்தினார். கத்தும்போதே அவருக்குத் தெரியும், எந்தப் பிள்ளை என்று.

தொண்ணூற்றாறில் ஊரில் இரண்டு நேரம் இருந்தது. கொழும்பில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளச் சொன்னார்கள். சிலர் தள்ளினார்கள், சிலர் தள்ளவில்லை. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் நாலு மணி, அடுத்த வீட்டில் ஐந்து மணி. கலியாணத்துக்குச் சொன்னாலும் செத்தவீட்டுக்குச் சொன்னாலும், "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் குரூஸிடம் ஒருத்தரும் கேட்பதில்லை. அவன் ஓட்டி. மீன்பிடிக்கப் போகிற வள்ளங்களோடு வள்ளமாக, சண்டைக்குத் தப்பி ஓடுகிற சனத்தை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோய் இறக்குபவன். "கடலுக்குப் புது நேரம் கிடையாது" என்று சொல்லிப் பழைய நேரத்திலேயே இருந்தவன். பின்னேரம் ஐந்து மணிக்கு வள்ளம் என்றான். மூத்தவள் மெற்றில்டா, இருபத்திரண்டு வயது, முதல் நாளே கரையில் பெரியம்மா வீட்டில் போய்த் தங்கினாள். பத்திநாதரும் அல்போன்சம்மாவும் பழைய நேரம் ஐந்துக்குப் போய் நின்றபோது, மணலில் வள்ளம் இழுபட்ட தடமும் காலடிகளும்தான் கிடந்தன. குரூஸ் அன்றைக்குத்தான் மணிக்கூட்டை மாற்றியிருந்தான்; வள்ளம் ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விட்டது. அவர்கள் வராமல் ஏறமாட்டேன் என்று மெற்றில்டா அழுதாளாம். அடுத்த வள்ளத்தில் வருவார்கள், நீ அங்கே நின்று பார் என்று சொல்லி ஏற்றினானாம். அந்த வள்ளம் அக்கரைக்குப் போகவில்லை. இக்கரைக்கும் வரவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

எந்த நேரம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களோடு பத்திநாதர் பேச்சை நிறுத்தினார். அவர்களுடைய செத்தவீட்டுக்கும் போகவில்லை. பிறகு ஜெராட் கனடாவுக்குக் கூப்பிட்டான், வந்தார்கள். மெற்றில்டாவின் பெயரை அந்த வீட்டில் ஒருத்தரும் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பத்திநாதர் கதிரையைப் பின்கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளிப்பூடு உரித்தார். அல்போன்சம்மா மேசையில் இருந்து, உரித்த தோலை ஒவ்வொன்றாக எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள். சுவரோடு கிடந்த ஹீற்றர் சூடேறி டிக் டிக் என்கிற சத்தம், பிரிஜ் முனகுகிற சத்தம், றொக்ஸ்பரோப் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம், அதற்கு மேலால் தெற்கே போகிற வாத்துக்கூட்டம் ஆளையாள் ஏசிக்கொண்டு போகிற சத்தம், எல்லாம் கலந்து, ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டுக் காதுக்குப் புளித்துப்போன அந்தப் பின்னேரச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சாய்ந்த வெயில் யன்னல் சீலைக்குள்ளால் வந்து நிலத்தில் மஞ்சளாய்க் கிடந்தது.

கையில் ஐந்து மணி ஆனது.

வாத்துகள் நின்றன. பறந்து போய்த் தூரமாகி மறைந்த மாதிரியில்லை, வாயைப் பொத்தின மாதிரி. உள்ளி மணத்துக்கு அடியால் இன்னொரு மணம் வந்தது. மண்ணெண்ணெய். அதோடு வெயிலில் காய்கிற ஈரவலையின் மணம், பாசி பிடித்த பலகையின் மணம், கன காலம் மூடிக் கிடந்த ஏதோ ஒன்றைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற குளிர்ந்த மணம். கதவுக்கு வெளியே, படிக்கட்டுப் பலகைகளின் கீழே, தண்ணீர் நக்குகிற சத்தம் கேட்டது. மெதுவாக. விட்டு விட்டு. பிறகு ஒரு கை கதவைத் தடவியது. பிடி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் தடவுகிற மாதிரி, மேலும் கீழுமாக, ஈரக்கை மரத்தில் இழுபடுகிற சத்தத்தோடு.

தட்டினார்கள்.

"ஆரது?" பத்திநாதர் குரலை உயர்த்தினார். "ஆரடா அது, பின்வளவுக்கை?"

 மேசையிலிருந்து அல்போன்சம்மா ஸ்டவ்வைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னும் மணியாகேல்லைப் பிள்ளை. அதிலை நில்லு. அம்மா வாறன்."

பத்திநாதர் எழும்பினார். கோபத்தை வலிந்து பிடித்து இழுத்து முன்னுக்கு விட்டுக்கொண்டு, சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரற்கடை திறந்தார். படியில் ஒருத்தரும் இல்லை. வெயில் அடித்தது. சுற்றிவரச் சருகு காய்ந்து கிடக்க, படி மட்டும் நனைந்து கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு ஒரு துளி விழுந்தது. அதன் மேலே ஒன்றும் இல்லை.

கதவை அடித்துச் சாத்தினார். வெயில் போகுமட்டும் அதில் முதுகைக் கொடுத்து நின்றார். கக்கூசுக்குப் போய் இருந்தவர், மனிசனுக்கு வயது போனால் இதுவும் ஒரு வருத்தம், சுணங்கிவிட்டார். வெளியே வந்தபோது முன்வாசலில் ஜெராட்டின் சத்தம். இருட்டிவிட்டிருந்தது. குசினிக் கதிரை கதவடியில் கிடந்தது, சங்கிலி தொங்கியது, கதவு ஆவென்று திறந்திருந்தது. பூசைக்குக் கட்டுகிற சீலையைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, அல்போன்சம்மா படியில் நின்றாள். குளிரில் உதடு நீலம்.

ஜெராட் தாயைத் தூக்கிவந்து போர்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"காணும் அப்பா. இனி ஏலாது. நாளைக்கு நான் இல்லத்துக்குப் போன் பண்ணுறன்."

"ஆரோ வந்து தட்டுகினம். அதுதான் திறக்கிறாள்."

"எத்தினை மணிக்கு?"

"ஐஞ்சுக்கு."

"ஐஞ்சுக்கு நான் வாசல்லை காரை விட்டனான். ஒரு குருவி இல்லை."

"அது உன்ரை ஐஞ்சு."

பின்னால் வந்த அனோஜினி கையிலிருந்த பையை வைத்துவிட்டு, "அப்ப மாமாவின்ரை ஐஞ்சு எங்கை?" என்றாள். பகிடியாகத்தான் தொடங்கினாள். மாமனின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டாள். புருஷனும் பெண்சாதியும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை பத்திநாதருக்கு விளங்கியது. அம்மாவுக்கு மட்டுமில்லை, இப்போது அப்பாவுக்கும் தொடங்கிவிட்டது என்கிற பார்வை.

"என்னை விசரனெண்டு நினைக்கிறியளோ? நல்லது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஏத்துங்கோ. கட்டில் ஒண்டு காணும்."

"கத்தாதையுங்கோ அப்பா. வெள்ளிக்கிழமை ஆக்களை வரச்சொல்லுறன், வந்து அம்மாவைப் பாக்கட்டும். அதுமட்டும் கதவைப் பாத்துக்கொள்ளுங்கோ. அவ்வளவும்தான் கேக்கிறன்."

புதன்கிழமை அவர் உள்ளி உரிக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை. கதவுக்கு முன்னால் நின்றார். கதவின் மேற்பாதியில் மங்கல் கண்ணாடி. ஆளைக் காட்டாது, நிழலைக் காட்டும். அதில் சாய்ந்த வெயில் செம்மஞ்சளாய்ப் பட்டிருந்தது. மணிக்கூடு கட்டிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். முள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நகர்ந்தது.

ஐந்து.

மணம் முதலில் வந்தது. பிறகு தண்ணீர். பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு தலை மேலே வந்தது. படியேறி வருகிறவரின் தலை அசைந்து அசைந்து வரும். இது அசையவில்லை. தூக்கிய மாதிரி, நேராக, மெதுவாக வந்து, கண்ணாடிக்கு நடுவில் நின்றது. தலைமயிர் இரண்டு பக்கமும் தொங்கியது. நுனிகளிலிருந்து சொட்டியது. ஒரு கை கண்ணாடியில் பட்டது. பட்ட இடத்தில் ஐந்து விரலும் வெள்ளையாகத் தெரிந்தன. விரல்கள் மிகவும் வெள்ளை.

"அப்பா," என்றது.

பத்திநாதர் ஓர் அடி பின்னுக்கு வைத்தார்.

"எந்த நேரம், அப்பா? பழைய நேரமோ, புது நேரமோ?"

மெற்றில்டாவின் குரல்தான். அதில் சந்தேகமில்லை. வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு கதைக்கிற மெற்றில்டாவின் குரல். பதினொரு வருஷமாக அந்தக் குரலுக்காக அழுதவள் பின்னால் மேசையில் இருந்தாள், ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டு, இன்னும் மணியாகவில்லை என்று. அழாமல் இருந்தவர் முன்னால் நின்றார்.  இப்போது வந்த அழுகையையும் அவர் வழமைபோலவே மாற்றினார். கோபமாக்கினார்.

"போ!" என்று கத்தினார். "செத்ததுகள் செத்த இடத்திலை கிடக்கவேணும். என்ரை மனிசியை விடமாட்டன். உன்னைக் கொண்டுபோனவனிட்டைப் போய்க் கேள், எந்த நேரமெண்டு!"

அது போகவில்லை. நின்றது. வெயில் இறங்கி, கண்ணாடி செம்மஞ்சளிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து கறுப்பாகும்வரை நின்றது.  காத்திருந்தது. பிறகு வந்த மாதிரியே நேராகக் கீழே இறங்கியது. கடைசியாக விரல்கள். அது முழுக்க இறங்கிய பிறகுதான் ஸ்டவ்வில் ஐந்து விழுந்தது. அல்போன்சம்மா எழும்பினாள். வந்தாள். அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து வைத்திருந்தார். அவள் அழுதாள். "ஒவ்வொரு நாளும் பிந்திப்போறன். ஒவ்வொரு நாளும்."

அப்போதுதான் அவருக்கு மூளையில் பட்டது.

வருவது அவருடைய ஐந்துக்கு. ஸ்டவ்வின் ஐந்துக்கு வருவதில்லை, போகிறது. அது நிற்பது இரண்டுக்கும் இடையில் கிடக்கிற அந்த ஒரு மணித்தியாலத்துக்குள். ஊரெல்லாம் அந்த மணித்தியாலத்தை வழித்துத் துடைத்து எறிந்துவிட்டது. அவர் ஒருத்தர்தான் பிடிவாதமாய்க் கையில் கட்டி வைத்திருக்கிறார். அதனால்தான் அதற்கு இந்த வீட்டில் நிற்க ஓர் இடம். இடத்தை எடுத்துவிட்டால்?

தோற்றுப்போகிற எரிச்சலோடு, பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டைக் கழற்றினார். நகத்தால் திருகாணியை இழுத்து, ஸ்டவ்வைப் பார்த்துப் பார்த்து, முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்டார். ஜெராட் வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் வழிக்கு வந்திருக்கிறியள்," என்றான். "மூடிக்கொண்டு போடா," என்றார் பத்திநாதர்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் கதவடியில் நின்றார். கையிலும் நாலு, ஸ்டவ்விலும் நாலு. நேற்றுவரைக்கும் அது வந்த நேரம். வெயில் கண்ணாடியில் பட்டிருந்தது. வாத்துகள் ஏசிக்கொண்டு போயின. பக்கத்து வீட்டுக்காரன் சருகு வாரிக் கடதாசிப் பையில் அமத்துகிற சத்தம் கேட்டது. மணம் இல்லை. தண்ணீர் இல்லை. கையை வைத்துக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. கால்மிதி காய்ந்திருந்தது. கதவைத் துணிந்து திறந்தார். படியும் காய்ந்திருந்தது.

"பாத்தியே?" என்று மனிசியைப் பார்த்துச் சொன்னார். "பத்திநாதனை ஆரெண்டு நினைச்சாய்?"

 அவர் தேத்தண்ணி வைத்தார். நாள் பட்டு, ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. நாளைக்கு ஆட்கள் வந்தால் நல்ல சீலை உடுத்தி இருத்தி, பெயரைக் கேட்டால் சொல்லப் பழக்கி, கதவடிக்கே போவதில்லை என்று ஜெராட்டையே சாட்சிக்கு வைத்து, வந்தவர்களை வந்த வழியே அனுப்பிவிடலாம். அவளுக்கு ஒரு கோப்பையை ஆற்றிக் கொடுத்தார். அவள் அதைக் குடிக்காமல் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் வேலிக்கு மேலால் போய் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரன் உள்ளே போனான். யன்னல் நீலமாகி, கடுநீலமாகி, குசினிக்குள் லைட் போடாமல் இருந்த பத்திநாதருக்கு ஸ்டவ்வின் பச்சை எழுத்தும் மனிசியின் முகத்தில் அதன் பச்சை வெளிச்சமும் மட்டும் தெரிகிற இருட்டு வந்தது. ஹீற்றர் டிக் டிக் என்றது. பிரிஜ் முனகியது.

பிரிஜ் நின்றது.

ஹீற்றர் நின்றது.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்கவில்லை.

மண்ணெண்ணெய் மணம்.

கையைத் தூக்கிப் பார்த்தார். முள் ஐந்தில். தலையைத் திருப்பினார். பச்சை ஐந்து.

இரண்டும் ஐந்து.

அப்போது விளங்கியது. விளங்கியது கோபமாக வரவில்லை. கரையில் அன்றைக்கும், இந்தப் படியில் மூன்று நாளும், தாயையும் மகளையும் சந்திக்க விடாமல் பிரித்து வைத்தது அந்த ஒரு மணித்தியாலம்தான். அதுதான் காவல் நின்றது. அதை அவரே எடுத்துப் போட்டார். எந்த நேரம் என்று கேட்டாள். பதில் சொல்லிவிட்டார்.

அல்போன்சம்மா எழும்பினாள்.

"மணியாச்சு," என்றாள். மூன்று வருஷத்தில் இல்லாத தெளிவு அந்தக் குரலில்.

"இரு. அல்போன்சு, இரு!"

பாய்ந்தார். கதிரையில் முழங்கால் அடிபட்டது. விழுந்தார். நிலம் நனைந்திருந்தது. உள்ளங்கை முழுக்கத் தண்ணீர். கதவுக்குக் கீழால் வந்துகொண்டிருந்தது. குளிர். ஐஸ்குளிர். சங்கிலி கழன்று மரத்தில் அடித்த சத்தம். அவள் கதிரையில் ஏறவில்லை. எட்டவும் ஏலாது. ஆனால் கழன்றது.

கதவு திறந்தது.

"அம்மா."

"வாறன் பிள்ளை. வந்திட்டன்."

தவழ்ந்தார். ஏசினார். குரூஸை ஏசினார், கனடாவை ஏசினார், மகளைப் பெயர் சொல்லி ஏசினார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர். சீலைத் தலைப்பு கையில் பட்டது. பிடித்தார். இழுத்தார். தலைப்பு வந்தது, முழுச் சீலையும் வந்தது, நனைந்து கனத்து. ஆள் வரவில்லை.

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

வேலி இல்லை. சருகு இல்லை. பக்கத்து வீட்டு வெளிச்சம் இல்லை. படிக்குக் கீழே இருட்டு அசைந்தது. மேலும் கீழும். மெதுவாக. அந்த அசைவில், அன்றைக்கு அந்த வள்ளத்தில் ஏறியவர்கள் இருந்தார்கள். வரிசை வரிசையாக. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோளோடு தோள் நெருக்கி. மடியில் பை. மடியில் குழந்தை. அத்தனை பேரும் வீட்டைப் பார்த்தபடி. முன்வரிசையில் அல்போன்சம்மா, உள்பாவாடையும் சட்டையுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் இருந்தவளின் தோளில் தலை சாய்த்திருந்தாள். சிரித்தாள்.

வீட்டின் முன்பக்கம் கார் திரும்பியது. வெளிச்சம் சுவரோரமாய் வழிந்து வந்து அந்த முகங்களில் ஒருமுறை ஓடியது. மீன் தின்று விட்டு வைத்த முகங்கள். கண் இருந்த இடங்களில் தண்ணீர். ஒரே மட்டத்தில்.

 முன்வரிசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. ஆளுக்கு நாலு விரற்கடை, பூசைவாங்கில் பிந்தி வந்தவருக்கு விலகுகிற மாதிரி. அல்போன்சம்மாவின் இடதுபக்கம் ஓர் ஆள் இருக்க இடம் வந்தது.

பத்திநாதரின் கால் படியில் இறங்கியது. அவர் அதை இறக்கவில்லை.

பின்னால், வீட்டுக்குள், முன்கதவு திறக்கிற சத்தம். சப்பாத்துக் கழற்றுகிற சத்தம். "அப்பா? ஏன் இருட்டுக்கை இருக்கிறியள்? என்னது, நிலமெல்லாம் தண்ணி?"

வராதே என்று கத்த வாயைத் திறந்தார். வாய்க்குள் உப்புத் தண்ணீர்.

ஜெராட்டின் காலடி குசினியைத் தாண்டிக் கதவை நோக்கி வந்தது. முன்வரிசை இன்னொருமுறை அசைந்தது. இன்னும் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.